விசாரிக்க வந்தவர்

இந்த இல்லத்தின் அலுவலக வேலையில் சேர்ந்த சில நாட்களிலேயே உங்களுக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கும்: நாம் இங்கே யாருடைய ஆள்? மாடியில் பிள்ளைகளோடு இருப்பவர்கள் நம்மைக் காகிதக்காரர்கள் என்பார்கள். பணம் அனுப்புகிறவர்கள் நம்மை இல்லத்தின் ஆள் என்பார்கள். மத்தியானம் டிபன் பாத்திரத்தைத் திறக்கும்போது பக்கத்தில் யாரும் வந்து உட்காரமாட்டார்கள். வருத்தப்படாதீர்கள். இது உங்கள் குணத்தால் வருவதில்லை, உட்கார்ந்திருக்கும் நாற்காலியால் வருவது. ஓய்வு பெறும்வரை நான் அந்த நாற்காலியில்தான் இருந்தேன். பழகிவிடும் என்று சொல்ல ஆசைதான், ஆனால் எனக்குப் பழகவில்லை.

தொண்ணூறுகளில் நான் வேலை பார்த்த மில் மூடியது. கோயமுத்தூரில் அப்போது மில் மூடுவது பெரிய செய்தியில்லை. கணக்குத் தெரியும், ஓரளவு இங்கிலீஷில் கடிதம் எழுதத் தெரியும் என்பதால் இந்த இல்லத்தில் சேர்த்துக்கொண்டார்கள். ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பின் தெருவில் வாடகை வீடு. வாசலில் போர்டு கிடையாது. வேலை வாங்கித் தருகிறேன் என்று அழைத்துப்போய் விற்கப்பட்ட பெண்பிள்ளைகளைப் போலீசும் கோர்ட்டும் மீட்டு அனுப்புவார்கள். அவர்கள் மாடியில் இருந்தார்கள். பெரும்பாலும் பதினெட்டு நிரம்பாதவர்கள். கீழே முன்னறையில் நான். எனக்கும் மாடிப்படிக்கும் நடுவில் ஒரு கதவு. ஆண்கள் அதைத் தாண்டக் கூடாது என்ற விதியை டைப் அடித்து ஒட்டியதே நான்தான்.

அந்த வேலையின் விசித்திரம் இதுதான். மாடியில் இருந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். கோப்பில் எல்லாம் இருக்கும். ஆனால் யார் எவள் என்று முகம் தெரியாது. சாயங்காலம் மேலே பல்லாங்குழி ஆடிக்கொண்டு சிரிப்பார்கள், சில நாள் யாராவது அழுவார்கள். சிரிப்பது யார், அழுவது யார் என்று தெரியாமல் நான் கீழே வவுச்சர் ஒட்டிக்கொண்டிருப்பேன். அறைக்குத் திரும்பினால் அங்கேயும் பேச ஆளில்லை. இருந்திருந்தாலும் இதைப் பற்றிப் பேச முடியாது. மெஸ்ஸில் பக்கத்து இலைக்காரர் "எங்கீங்க வேலை?" என்று கேட்டால் "ஒரு டிரஸ்டுல கணக்குங்க" என்பேன். அதற்கு மேல் யாரும் கேட்கமாட்டார்கள். கணக்கு என்று சொன்னாலே மனிதர்களுக்கு ஆர்வம் போய்விடுகிறது.

எங்களுக்குப் பணம் தந்தவர்கள் வெளிநாட்டுக்காரர்கள், மெட்ராஸில் ஓர் அலுவலகம் வைத்திருந்தார்கள். அவர்கள் வைத்த நிபந்தனைகளை ஒன்றுவிடாமல் நிறைவேற்றுவதும், நிறைவேற்றியதற்குச் சாட்சி வைப்பதும் என் வேலை. அதில் ஒரு நிபந்தனை எல்லாருக்கும் முள்ளாக உறுத்தியது. வீட்டுக்குத் திரும்பிய ஒவ்வொரு பெண்ணையும் ஆறு மாதத்துக்குள் ஒரு தடவை, வருடம் முடிவதற்குள் இன்னொரு தடவை நம் ஆள் நேரில் பார்த்து, அவள் பத்திரமாக இருக்கிறாள் என்று அவள் கையெழுத்தோடு எழுதித் தரவேண்டும். ஃபாலோ-அப் என்பார்கள். அது முட்டாள்தனமான விதி என்று நினைத்துவிடாதீர்கள். வேறெங்கோ ஓர் இல்லம் "குடும்பத்திடம் ஒப்படைத்தோம்" என்று எழுதிக்கொண்டே இருந்திருக்கிறது. அந்தப் பெண்கள் மறுபடி அதே ஆட்களின் கையில் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு வந்த விதி இது. உங்களுக்குக் கோபம் வரவழைக்கும் விதிகளில் பாதி இப்படி யாருடைய தலையிலோ விடிந்த பிறகு வந்தவைதான்.

ஆனால் அதே விதி எங்கள் பக்கம் என்ன செய்தது என்றும் சொல்கிறேன். சோமனூர்ப் பக்கம் ஒரு பெண்ணைப் பார்க்க ஜீப்பில் போனார்கள். ஜீப்பின் பக்கவாட்டில் பணம் தந்தவர்கள் பெயரும் எங்கள் பெயரும் பெரிய எழுத்தில். அதுவும் ஒரு நிபந்தனை. தறிச் சத்தத்துக்கு நடுவில் ஜீப் நின்றதும் தெரு முழுக்க வெளியே வந்துவிட்டது. நம் ஊர் மரியாதை உங்களுக்குத் தெரியும். புதிதாக ஒருவர் வந்தால் எங்கிருந்து வாரீங்க, ஆரு ஊட்டுக்குங்க என்று கேட்காவிட்டால்தான் குற்றம். ஒரு அரை மணி நேரம்தான் இருந்தார்கள். கையெழுத்து அழகாக வந்தது, நான் அதைக் கோப்பில் வைத்தேன். ஒரு மாதம் கழித்து அந்தக் குடும்பம் வீட்டைக் காலி செய்துகொண்டு எங்கோ போய்விட்டது. எங்கே என்று இன்றுவரை தெரியாது. அதன் பிறகு ஜீப்பை எடுப்பதில்லை.

இனி நான் சொல்ல வந்த விஷயம். அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஊர் காரமடைக்குப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதையும் கொஞ்சம் மாற்றித்தான் சொல்கிறேன்.

பதினாறு வயதில் இல்லத்துக்கு வந்தவள். பதினெட்டு முடிந்து அம்மாவிடம் திரும்பினாள். அப்பா இல்லை. அவளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள அம்மா சம்மதித்தார், அம்மாவின் தம்பி சம்மதிக்கவில்லை. "ஊருல தல நிமுந்து நடக்கோணுமுங்களே" என்று எங்கள் முன்னறையில் உட்கார்ந்து சொன்னதாகக் கோப்பில் இருந்தது. அவர் வந்த அன்று நான் ஊரில் இல்லை, அவர் முகம் எனக்குத் தெரியாது. கடைசியில் அக்காவின் பிடிவாதத்துக்கு அரை மனதாக இறங்கிவந்தார். ரெண்டு வருசம் மில் ஹாஸ்டலில் இருந்தாள் என்று ஊரில் சொல்லிக்கொள்வதாக முடிவு. இல்லத்திலிருந்து போகும் அன்று முன்னறைக்கு வந்து என் மேஜையில் கையெழுத்துப் போட்டாள். அவளை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். எங்கள் பெண் ஊழியர் ஒருவர் அவளை ஊரில் கொண்டுபோய் விட்டார், அதனால் அவள் அம்மாவும் என்னைப் பார்த்ததில்லை.

ஆறு மாதம் முடியப்போகிற நேரத்தில், இல்லத்துப் பொறுப்பாளர் அம்மா அந்த ஊர் மளிகைக் கடைக்குப் போன் செய்தார். அப்போது வீட்டுக்கு வீடு போன் ஏது? கடை நம்பரைக் கொடுத்துவைத்திருப்பார்கள், கடைக்காரர் ஆள் அனுப்பிக் கூப்பிடுவார். மில் ஹாஸ்டலிலிருந்து பேசுகிறோம், அந்தப் பெண்ணை ஒரு தடவை வந்து பார்க்கலாமா கேட்டுச் சொல்லுங்கள் என்றார். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. ஆண் குரல். "வர வேண்டாமுன்னு சொல்லச் சொன்னாங்க." யார் சொன்னார்கள் என்று கேட்பதற்குள் வைத்துவிட்டார்கள்.

பொறுப்பாளர் அம்மா கதவின் அந்தப் பக்கம் நின்றுகொண்டு என்னிடம் இதைச் சொன்னார். அதிகம் பேசாதவர், பேசினால் சுருக்கென்று இருக்கும். 

"அந்த மாமங்காரனாத்தான் இருக்கோணும். புள்ள அங்க இருக்குதா, இல்ல எங்கியாச்சும் தள்ளி உட்டுட்டானான்னே தெரியலயே."

"ஒரு கடுதாசி போட்டுப் பாக்கலாமுங்களா?"

"போடுங்க. மாமங்காரனே பிரிச்சுப் படிச்சு, நல்லா இருக்கேன்னு அவனே பதிலும் எழுதிருவான்."

அவரே போயிருக்கலாம். ஆனால் அந்த வாரம் மாடியில் இரண்டு பிள்ளைகளுக்கு அம்மை போட்டிருந்தது. வாசலில் வேப்பிலை கட்டியாயிற்று. அம்மை போட்ட வீட்டில் புழங்குகிறவர் இன்னொரு வீட்டுப் படியேறுவது நம் பக்கத்தில் வழக்கமில்லை. ஊர்ப்பக்கம் போய்வந்துகொண்டிருந்த பெண் வேலையை விட்டுப் போயிருந்தார். அடுத்த வாரம் மெட்ராஸிலிருந்து அதிகாரி கோப்புகளைப் பார்க்க வருகிறார். மிஞ்சியது நான். மாடிக்கும் எனக்கும் நடுவில் கதவு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன். வழியெல்லாம் ஒரே யோசனை. போனால் சோமனூர் மாதிரி ஆகிவிடுமோ. போகாமல் இருந்தால், அவள் உண்மையிலேயே ஆபத்தில் இருந்தால்? யாரோ ஒருவர் சொன்ன 'வர வேண்டாம்' என்பதை அவள் சொன்னதாக எடுத்துக்கொண்டு கோப்பை மூடிவிட முடியுமா? கேட்கலாம் என்றால் பக்கத்தில் யாருமில்லை. இப்படி ஒரு முடிவை எடுக்க வேண்டிய நேரத்தில் தனியாகத்தான் இருப்போம் என்று யாராவது எனக்கு முன்கூட்டிச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதனால் நான் உங்களுக்குச் சொல்கிறேன். தனியாகத்தான் இருப்பீர்கள்.

பஸ் நின்ற இடத்தில் ஒரு டீக்கடை. நாலு பேர் பெஞ்சில் இருந்தார்கள். நான் ஒரு திட்டம் வைத்திருந்தேன்: பொய் சொல்வதில்லை, உண்மையையும் சொல்வதில்லை. 

"ஏனுங்க, ஆரைப் பாக்கோணுமுங்க?" என்றார் டீக்கடைக்காரர், கிளாஸைக் கழுவிக்கொண்டே.

"சும்மா இந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தேனுங்க."

அவர் என் கைப்பையைப் பார்த்தார், தேய்த்த சட்டையைப் பார்த்தார். "கோயமுத்தூருங்களா?"

"ஆமாங்க."

"கம்பெனில கணக்குப் பாக்கறீங்களாட்ட இருக்குது?"

"ஆமாங்க."

எல்லாம் உண்மைதான். டீயைக் குடித்து முடித்துவிட்டு, ரொம்ப அலட்சியமாகக் கேட்பதுபோல் அந்த அம்மா பெயரைச் சொல்லி வீடு எந்தப் பக்கம் என்று கேட்டேன். பெஞ்சில் இருந்த நாலு பேரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள். டீக்கடைக்காரர் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்பிடிச் சொல்லுங்க. விசாரிக்க வந்திருக்கறீங்க."

நான் பதில் சொல்லவில்லை. அங்கேதான் தப்பு நடந்தது.

உங்களில் வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணைப் பேசி முடிப்பதற்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டார் முதலில் ஓர் ஆளை அனுப்புவார்கள். சொந்தக்காரராக இருக்கமாட்டார்; கம்பெனியில் கூட வேலை பார்ப்பவர், கணக்குப் பார்ப்பவர், இப்படி யாராவது பொதுவான ஆள். அவர் பெண்ணின் ஊரில் டீக்கடையில் உட்கார்ந்து சுற்றி வளைத்து விசாரிப்பார். யார் அனுப்பினார்கள் என்று சொல்லமாட்டார். ஊர்க்காரர்களும் கேட்கமாட்டார்கள், கேட்பது நாகரிகமில்லை. ஆக, எதையும் சொல்லாமல் மழுப்புகிற ஒருவர் பெண் இருக்கும் வீட்டைப் பற்றிக் கேட்டால், அவர் யார் என்பதில் ஊருக்குச் சந்தேகமே வராது. வாயைத் திறக்காமல் இருப்பது என் தொழில் தர்மம். அதைச் சுத்தமாகக் கடைப்பிடித்ததால்தான் நான் அன்று மாப்பிள்ளை வீட்டு ஆளானேன்.

இல்லை என்று மறுக்கலாம். மறுத்தால் அடுத்த கேள்வி, அப்படியானால் நீங்கள் யார்?

நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர்கள் பேச ஆரம்பித்துவிட்டார்கள். "நல்ல புள்ளைங்க. ரெண்டு வருசம் மில்லு ஹாஸ்டல்ல இருந்துச்சு. இப்பக் காரமடைல தையலுக்குப் போகுது. ஒரு சொல்லு சொல்ல முடியாதுங்க." பெஞ்சுக்காரர் ஒருவர் சேர்த்துக்கொண்டார்: "மாமங்காரன் தெனமும் பஸ்ஸுக்குக் கூட்டியாந்து ஏத்தி உடுவான். சாயங்காலம் வந்து நின்னு கூட்டிட்டுப் போவான். தனியா ஒரு எட்டு உடமாட்டான்."

அவர் அதைப் பெருமையாகத்தான் சொன்னார். காவலாக நிற்கிறானா, சிறை வைத்திருக்கிறானா? வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

அதற்குள் யார் போய்ச் சொன்னார்களோ, மொபெட்டில் அந்த மாமனே வந்து இறங்கினார். நாற்பது வயதிருக்கும், வெள்ளை வேட்டி, அவசரமாகப் போட்ட சட்டையில் ஒரு பித்தான் மாறியிருந்தது. "நாந்தானுங்க அந்தப் புள்ளயோட மாமன்" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

"இவ்வளவு தூரம் வந்துபோட்டு ஊட்டுக்கு வராமப் போனா நல்லா இருக்குமுங்களா? ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டுப் போங்க."

"இல்லீங்க, இன்னொரு நாளைக்கு…"

"அதெல்லாம் ஆகாதுங்க. வாங்க."

போயிருக்கக் கூடாது என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். அந்த ஊர் வரை வந்துவிட்டு, அவள் உள்ளே இருக்கிறாளா என்று பார்க்காமல் திரும்ப என்னால் முடியவில்லை. மொபெட்டின் பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.

கறிவேப்பிலைத் தோட்டத்தை ஒட்டி ஓட்டு வீடு. பக்கத்து வீட்டிலிருந்து நாற்காலி வந்தது. பெண்கள் நாலைந்து பேர் வாசலில் கூடிவிட்டார்கள். அந்த அம்மா சேலைத் தலைப்பை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் இருந்த நம்பிக்கையைப் பார்க்க எனக்குக் கூசியது. ஒரு கையெழுத்துக்காக வந்தவன் நான். அவர் மகளுக்கு விடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

"அப்பனில்லாத புள்ளைங்க. ஆனா நாங்க ஒரு கொறையும் வெக்கமாட்டோமுங்க" என்றார் மாமன். கேட்காததற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டே இருந்தார். பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "அம்மணி, தண்ணி கொண்டா."

அவள் நிலைப்படிக்கு வந்தாள். என்னைப் பார்த்தாள்.

அந்தப் பார்வையை நான் எழுத வேண்டும். அவள் என்னை ஒரே தடவைதான் பார்த்திருந்தாள், என்றாலும் உடனே தெரிந்துவிட்டது. அவள் முகத்தில் ரத்தமே இல்லாமல் போயிற்று. எதை விட்டு வந்தோம் என்று நினைத்திருந்தாளோ அது நாற்காலி போட்டு முற்றத்தில் உட்கார்ந்திருந்தது. அவளுக்குக் கெடுதல் செய்தவர்களைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் படித்தவன் நான். அன்று அவளுக்குப் பயம் கொடுத்தவன் நான்தான். எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. அவள் சொம்போடு திரும்பி உள்ளே போய்விட்டாள்.

"வெக்கப்படறா" என்றார் ஒரு பெண். எல்லாரும் சிரித்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்தாள். இந்தத் தடவை நேராக நடந்து வந்து "வாங்க" என்று சொம்பை என் கையில் கொடுத்தாள். நான் குடித்து முடிக்கும்வரை நகராமல் நின்றாள். பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"நீங்க இவ்வளவு தூரம் வந்திருக்கறீங்க. தப்பா நெனச்சுக்காதீங்க. எனக்கு இப்பக் கண்ணாலம் வேண்டாமுங்க. தையல் முடிச்சுச் சொந்தமா மிஷின் போடோணும். நான் நல்லாத்தான் இருக்கறேன். இனி வர வேண்டாமுங்க."

மாப்பிள்ளை வீட்டு ஆள் முன்னால் பெண் வாய் திறந்து வேண்டாம் என்று சொல்வது அந்த நாளில் அந்த ஊரில் நடக்கிற காரியமில்லை. மாமன் விருட்டென்று எழுந்தார். அவர் முகம் சிவந்திருந்தது. நான் சொம்பைக் கீழே வைத்துவிட்டு அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் தெரிந்துகொள்ள வந்தது அந்தக் கை என்ன செய்யப்போகிறது என்பதில் இருந்தது. ஓங்கினால் என்ன செய்வது என்று யோசிக்கக்கூட எனக்கு நேரமில்லை.

அவர் கை இடுப்புக்குப் போய் வேட்டியை இறுக்கியது. "பெரியவங்க பேசறப்ப என்னம்மணி இது?" என்றார். குரலில் கோபத்தைவிட அவமானம்தான் அதிகம் இருந்தது.

"கண்ணாலம் இப்ப வேண்டாமுன்னு நாந்தான் முன்னாடியே சொன்னனுங்களே மாமா. நீங்களும் செரின்னீங்க" என்றாள் அவள், அவரைப் பார்த்து. பயந்த குரல் இல்லை. 

அம்மாவின் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஆனாலும் "அவ சொல்றதும் செரிதான், உடு தம்பி" என்றார். மாமன் என் பக்கம் திரும்பி, அசடு வழியச் சிரித்தார். "இப்பிடித்தானுங்க. நாம ஒண்ணு சொன்னா இவ ஒண்ணு சொல்லுவா. கோவிச்சுக்காதீங்க."

அவள் சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

மாமனே என்னை மொபெட்டில் பஸ் நிற்கும் இடத்துக்குக் கொண்டுவந்து விட்டார். மரத்தடியில் இருவரும் நின்றோம். அவர் மெதுவாகக் கேட்டார்: "ஏனுங்க, டீக்கடைல புள்ளயப் பத்தி என்னமாச்சும் சொன்னாங்களா?"

அவர் முகத்தைப் பார்த்தேன். அக்கா மகளைத் தினமும் பஸ் ஏற்றிவிட்டு, சாயங்காலம் வந்து நின்று கூட்டிப்போகும் மனிதன் எதற்குப் பயப்படுகிறான் என்று அப்போது புரிந்தது. அவர் அவளை ஊரிடமிருந்து மறைக்கவில்லை, ஊர் வாயிலிருந்து காத்துக்கொண்டிருந்தார்.

"நல்லபடியாத்தானுங்க சொன்னாங்க. ஒரு சொல்லு சொல்ல முடியாதுன்னாங்க."

அவருக்கு மூச்சு வந்தது. "அவ வேண்டாமுன்னதும் நல்லதுக்குத்தானுங்க. நீங்க பாத்துட்டுப் போயி பதிலில்லாம இருந்தீங்கன்னா, என்னமோ கேள்விப்பட்டுட்டாங்க போலன்னு ஊரு பேசும். இப்ப இவ திமிரு புடிச்சவன்னு நாலு நாளைக்குப் பேசுவாங்க. அது போயிரும்."

சொம்போடு உள்ளே போய் மறுபடி வெளியே வருவதற்குள் அவள் இதையெல்லாம் யோசித்திருக்கிறாள். நான் கொண்டுவந்த ஆபத்து என்ன, அதை எப்படித் தன் பக்கம் திருப்பிக்கொள்வது, எனக்கு என்ன சேதி சொல்லி அனுப்புவது, எல்லாம். படித்து வேலை பார்த்து விதிகள் எழுதிய எனக்கு ஒரு பஸ் பயணம் முழுக்க யோசித்தும் வராதது. எனக்கு அழுகை வந்தது. மாமன் அதை எப்படி எடுத்துக்கொண்டாரோ, "வெயிலுங்க, தண்ணி குடிக்கறீங்களா" என்று கேட்டார். பஸ் ஏறும்போது ஒரு கட்டுக் கறிவேப்பிலையை என் பையில் திணித்தார். பிள்ளைகளின் குடும்பத்தாரிடம் எதையும் வாங்கக் கூடாது என்று நான் எழுதிய விதி ஒன்று உண்டு. வாங்கிக்கொண்டேன்.

இல்லத்தில் பொறுப்பாளர் அம்மா கதவருகே காத்திருந்தார். நடந்ததைச் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டார்.

"கைய ஓங்குனானா?"

"இல்லீங்க."

"செரி" என்றார். கறிவேப்பிலையை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார். நான் முன்னறையில் விளக்கைப் போட்டு உட்கார்ந்தேன். மேலே இருப்பவர்களிடம் அவர் சொல்லியிருக்கவேண்டும், கொஞ்ச நேரத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது. அதில் கலந்துகொள்ள எனக்கு வழியில்லை.

மெட்ராஸ் அதிகாரி வந்தார். நல்ல பெண்மணி, வேலையில் கறார். அந்தக் கோப்பில் கையெழுத்து எங்கே என்று கேட்டார். ஒரு கையெழுத்தை நானே போட்டு வைத்திருக்கலாம். அப்படிச் செய்கிறவர்கள் இருந்தார்கள், உங்கள் காலத்திலும் இருப்பார்கள். நான் நடந்ததை மட்டும் எழுதி வைத்திருந்தேன்: பார்த்தோம், பத்திரமாக இருக்கிறாள், இனி வர வேண்டாம் என்று தன் வாயால் சொன்னாள், அதனால் கையெழுத்துக் கேட்கவில்லை.

"இதை நான் எப்படி ஏத்துக்கறது? அவ நல்லா இருக்கான்னு நீங்க எதை வெச்சுச் சொல்றீங்க?" என்றார்.

"வேண்டாமுன்னு சொன்னாளுங்க. ஊட்டு ஆம்பளைக்கு எதுத்தாப்புல, ஊரே பாத்துட்டு நிக்கறப்ப. சொல்லிப்போட்டு ஒரு அடியும் வாங்காமத் தண்ணிச் சொம்ப எடுத்துட்டு உள்ள போனாளுங்க. இங்க இருந்து போன புள்ளைகள்ல எத்தனை பேரால அது முடியுமுன்னு எனக்குத் தெரியாதுங்க."

அவர் அந்தப் பக்கத்தை இன்னொரு தடவை படித்தார். பிறகு பேனாவைத் திறந்து ஓரத்தில் தன் கையெழுத்தைப் போட்டார். இல்லத்தை விட்டுப் போகும்போதே, யாராவது வந்து பார்க்கலாமா, எங்கே, எப்படி என்று பெண்ணிடமே கேட்டு எழுதவேண்டும் என்ற மாற்றம் அதற்குப் பிறகு வந்ததுதான். நீங்கள் இன்று அதைச் சலித்துக்கொண்டே கேட்பதாகக் கேள்விப்பட்டேன். சலித்துக்கொள்ளாமல் கேளுங்கள். வேண்டாம் என்று சொன்னால், போகாதீர்கள்.

போகாமல் இருப்பது லேசில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அவளுக்கு இன்னொரு ஃபாலோ-அப் பாக்கி இருந்தது. அந்த நாள் வந்தபோது, கோப்பில் 'அவர் விருப்பப்படி யாரும் போகவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதோடு என் வேலை முடிந்தது. ஆனாலும் சாயங்காலம் அறைக்குப் போகாமல் மேட்டுப்பாளையம் ரோட்டு ஸ்டாப்பில் போய் நின்றேன். மிஷின் வாங்கினாளா, மாமன் இன்னும் பஸ்ஸுக்கு வந்து நிற்கிறாரா, எனக்குத் தெரிந்துகொள்ள அவ்வளவு ஆசையாக இருந்தது. சொந்தமென்று யாரைப் பற்றியும் எனக்கு அப்படி இருந்ததில்லை. காரமடை பஸ் வந்து நின்றது. ஏறவேண்டியவர்கள் ஏறினார்கள். கண்டக்டர் படியில் நின்றபடி என்னைப் பார்த்து, "ஏனுங்க, வாரீங்களா இல்லீங்களா?" என்றார்.

"இல்லீங்க, நான் வரலை" என்றேன்.